புதுப்பிப்பு: ஓய்வூதியத்தில் 40 சதவீதத்தை மொத்தமாக வாங்குவதா என்று கேட்டிருந்தேனே

சென்னையில் மத்திய அரசுப் பணியில் இருந்தேன். 2004-க்கு முன்பே சேர்ந்ததால் பழைய ஓய்வூதியம்தான். அதில் 40 சதவீதம் வரை கம்யூட்டேஷனாக, அதாவது மாத ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை 15 வருடத்துக்கு விட்டுக்கொடுத்து அதற்குப் பதில் இப்போதே மொத்தத் தொகையாக, வாங்கலாமா என்பது கேள்வி. "15 வருடம் பிடிப்பார்கள், கிட்டேயே போகாதே" என்று பாதிப் பேர், "கையில் வரும் காசை விடாதே" என்று மீதிப் பேர்.

இப்போது ஓய்வு பெற்றாகிவிட்டது. கணக்குப் பிரிவில் இருக்கும் பெண் ஊழியர் தன் கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி வைத்தார். 60 வயதில் ஓய்வு பெறுபவருக்குக் காரணி (விட்டுக்கொடுக்கும் ஓராண்டுத் தொகையைப் பெருக்கும் எண்) 8.194. ஓய்வூதியம் 40,000 என்றால் 16,000-ஐ விட்டுக்கொடுக்க வேண்டும். 16,000 × 12 × 8.194, அதாவது 15,73,248 ரூபாய். வருமான வரி இல்லை. மாதாமாதம் 16,000 வீதம் 15 ஆண்டுகளில் போவது 28,80,000. கடனாகப் பாவித்தால் வட்டி ஏறத்தாழ 9 சதவீதம். அதைவிடக் குறைந்த வட்டி தரும் வங்கி நிரந்தர வைப்பில் போடுவதற்காக வாங்குவது வீண் வேலை.

ஆனால் என்னிடம் 13 சதவீதத்தில் ஒரு தனிநபர் கடன் இருந்தது. அதை அடைக்கும் அளவுக்கு மட்டும் வாங்கினேன். முழு 40-ஐயும் எடுத்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை.

அகவிலைப்படி குறையாதா என்று கேட்டவருக்கு: குறையாது, பிடித்தத்துக்கு முந்தைய முழு ஓய்வூதியத்தின் மீதுதான் கணக்கிடுகிறார்கள். குடும்ப ஓய்வூதியத்திலும் கைவைப்பதில்லை; வீட்டில் முதலில் கேட்டது இதைத்தான். ஓய்வு பெற்ற ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மருத்துவப் பரிசோதனையும் வேண்டாம்.

தமிழ்நாடு அரசு ஊழியர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே உச்சவரம்பு மூன்றில் ஒரு பங்கு.