புதுப்பிப்பு: கணப்புக்குப் போகும் கேஸ் குழாயை மறைத்தாயிற்று (லண்டன் வீடு)

ஹாலில் இருக்கும் பழைய கேஸ் கணப்பை (குளிருக்கு அறையைச் சூடாக்குவது) எடுத்துவிட்டுப் புதிது வைக்கிறோம், சுவரோரம் ஓடும் செம்புக் குழாயைக் கண்ணில் படாமல் எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "சுவரை வெட்டாதீங்க, மரத்தரைக்கு அடியில விடுங்க" என்ற யோசனைதான். கேஸ் சேஃப் (பிரிட்டனில் கேஸ் வேலை செய்பவர்களுக்கான பதிவேடு) பதிவு உள்ளவர் வந்து பலகைகளைப் பெயர்த்தார். எதிர்பாராதது ஒன்று: பழைய 8 மி.மீ. குழாய் புதுக் கணப்புக்குப் போதாதாம். மீட்டரிலிருந்தே 15 மி.மீ. இழுத்தார். பில் எகிறியது, வேறென்ன செய்ய!

கணப்புக் குழிக்குள் மஞ்சள் பிளாஸ்டிக் உறை போட்ட குழாய். சிமெண்டும் புகைக்கரியும் பட்டுக்கொண்டே இருந்தால் வெறும் செம்பு அரித்துவிடும். சுவரைத் தாண்டும் இடத்தில் தனியாக ஓர் உறைக்குழாய். மறைவான இடத்தில் நட்டு இறுக்கும் இணைப்பு கூடாது என்று எல்லா இணைப்புகளையும் உலோகப் பற்றுவைத்தே சேர்த்தார். மூடும் வால்வு மட்டும் கைக்கு எட்டுகிற மாதிரி வெளியே.

கசிவுச் சோதனை முடிந்த பிறகே பலகைகளைத் திருகாணி போட்டு மூடினார். அதற்கு முன், அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்துக் குழாய் போகும் வழியைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். பலகை மேலேயும் மார்க்கரால் "கேஸ்" என்று எழுதியாயிற்று.