கலைச்சொல் விவாதம்: மூப்படைந்த தூண்சாலைக்கு ஒரு ‘தோள்மாற்று’

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நகர நடுவே தூண்கள்மேல் ஓடும் பழைய நெடுஞ்சாலையை அகற்றி, அதன் வேலையை வேறொன்றிடம் ஒப்படைக்கும் பணிக்குத் தமிழில் என்ன பெயர் என்று நம் கலைச்சொல் குழுவில் அம்மையார் ஒருவர் கேட்டு மூன்று நாள்கள் ஆகின்றன. ‘மேம்பால மறுகட்டுமானம்’, ‘உயர்மட்டச் சாலை மாற்றீடு’, ‘பாலப் புதுப்பிப்பு’ என்று வந்த விடைகளை எல்லாம் வாசித்தேன். எதிலும் எனக்கு மனம் நிறையவில்லை. நான் குடியிருக்கும் அமெரிக்க நகரமான சியாட்டிலில் அலாஸ்கன் வே வயாடக்ட் என்ற சாலை நின்றதையும் போனதையும் அருகிலிருந்து பார்த்தவன் என்பதால், அதை வைத்தே பேசுகிறேன்.

முதலில் அந்தக் கட்டுமானத்தின் பெயர். மேம்பாலம் என்றால் நமக்கு ஒரு சந்திப்பையோ ரயில் தண்டவாளத்தையோ தாண்டி இறங்கிவிடும் பாலம். இதுவோ எலியட் விரிகுடாக் கரையை ஒட்டி மூன்று கிலோமீட்டருக்கும் மேல், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தளங்களாக ஓடிய சாலை. சென்னைப் பத்திரிகைகள் துறைமுகம் - மதுரவாயல் திட்டத்துக்கு எழுதும் ‘பறக்கும் சாலை’ அழகான சொல்தான். ஆனால் ‘பறக்கும் சாலை மண்ணில் அமிழ்கிறது’ என்று எழுத நேரும்போது கை தயங்குகிறது. நேற்று ஒரு நண்பர் தந்த ‘தூண்சாலை’ போதும். அதை ஏற்றுக்கொண்டு மேலே போவோம்.

> “மறுகட்டுமானம் என்றாலே எல்லோருக்கும் புரியுமே, புதுச் சொல் எதற்கு?”

ஐயா, புரியும். ஆனால் தவறாகப் புரியும். இந்தத் தூண்சாலை 1953இல் திறக்கப்பட்டது. 2001 பிப்ரவரி 28 அன்று 6.8 அளவிலான நிஸ்குவாலி நிலநடுக்கம் அதைப் பழுதாக்கியது. சாலை நின்றது கடலைத் தூர்த்து உண்டாக்கிய மண்ணில். பெருங்குலுக்கலில் அந்த மண் சேறாகக் குழைந்துவிடும். பக்கத்துக் கடற்சுவரின் மரப்பகுதிகளைச் சிறு கடலுயிரிகள் அரித்துத் தின்றிருந்தன. இனி இது தாங்காது என்று எல்லோருக்கும் தெரிந்தது. அதன் இடத்தில் எது என்பதில்தான் சண்டை. அதே போன்ற தூண்சாலையை மறுபடி எழுப்பலாம் என்றனர் சிலர், சுரங்கச்சாலை வேண்டும் என்றனர் சிலர், எதுவும் வேண்டாம், தரைச்சாலையும் பஸ்களும் போதும் என்றனர் வேறு சிலர். 2007 மார்ச்சில் நகரத்தார் வாக்களித்தபோது புதுத் தூண்சாலையையும் நிராகரித்தார்கள், அன்று முன்வைக்கப்பட்ட சுரங்கத்தையும் நிராகரித்தார்கள். அப்படியென்றால் ‘மறுகட்டுமானம்’ என்பது அந்த ஊர் வேண்டாம் என்று தள்ளிய ஒரு வழியின் பெயர். அதையே முழுப் பணிக்கும் பெயராக வைத்தால், அகராதியில் தேடும் மாணவர் பழையதைப் போலவே ஒன்று கட்டினார்கள் என்றுதான் நினைப்பார். 2009இல் முடிவானது ஆழத்தில் துளைத்துச் செல்லும் சுரங்கம். 2011இல் இன்னொரு வாக்கெடுப்பு அதற்கு வழிவிட்டது.

> “மாற்றீடு என்பது பொதுவான சொல். அதையே வைத்துக்கொள்ளலாம்.”

பொதுவாக இருப்பதுதான் அதன் குறை. பல்பு எரியாவிட்டால் கழற்றிவிட்டு வேறொன்றைப் போடுகிறோம், அது மாற்றீடு. கழற்றிப் போடும் அந்த நிமிடம் அறை இருட்டாக இருந்தால் யாருக்கும் நட்டமில்லை. கடைசி ஆண்டுகளில்கூட இந்தத் தூண்சாலையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 90,000 வண்டிகள் ஓடின. பழையதை மூடிவிட்டுப் பத்தாண்டு கழித்துப் புதியதைத் திறக்க முடியாது. பழையது விழுந்துவிடுமோ என்ற அச்சத்தோடு அதன்மேல் வண்டிகளை விட்டுக்கொண்டே, பக்கத்திலும் அடியிலும் புதியதைக் கட்ட வேண்டும்.

அந்த இடைக்காலம்தான் இந்தப் பணியின் உயிர். நிலநடுக்கத்திலிருந்து புதுச் சாலை திறக்கும் வரை 18 ஆண்டுகள். அவ்வளவு காலமும் தூண்களின் அமிழ்வை அளந்துகொண்டே இருந்தார்கள். வார இறுதிகளில் சாலையை மூடி விரிசல்களைப் பார்த்தார்கள். நிலம் அதிர்ந்தால் தாமாகவே இறங்கி வண்டிகளைத் தடுக்கும் கதவுகளை நுழைவுகளில் வைத்தார்கள். 1989 நிலநடுக்கத்தில் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் இதே போன்ற இரண்டடுக்கு சைப்ரஸ் தூண்சாலை சரிந்து 42 பேர் இறந்ததை அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது. 2011 அக்டோபரில் தென்பகுதியை மட்டும் இடித்து, வண்டிகளை ஒரு சுற்றுவழியால் எஞ்சிய வடபகுதியோடு இணைத்தார்கள். 2013இல் சுரங்கம் துளைக்கத் தொடங்கிய ‘பெர்த்தா’ என்ற எந்திரம் (17.5 மீட்டர் விட்டம், நகரின் முதல் பெண் மேயரின் பெயரைத்தான் அதற்குச் சூட்டினார்கள்) அந்த ஆண்டு டிசம்பரிலேயே நின்றுவிட்டது. அதைச் சரிசெய்ய 36 மீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டினார்கள். மறுபடி அது நகர இரண்டாண்டுகள் ஆயின. அந்த இரண்டாண்டும் பாரத்தைச் சுமந்தது யார்? ஓய்வு பெற்றிருக்க வேண்டிய பழைய சாலைதான். பிறகு 2016இல் எந்திரம் அந்தச் சாலைக்கு நேர் அடியிலேயே துளைத்துப் போனது. சில நாள்கள் மேலே போக்குவரத்தை நிறுத்திவைத்து, எந்திரம் கடந்தபின் மறுபடி திறந்தார்கள்.

இதை எல்லாம் நினைக்கும்போது என் கண்முன் வருவது கோயில் உற்சவம். சுவாமி வீதியுலா வரும்போது சுமப்பவர்கள் களைத்துவிடுவார்கள். புதியவர் தண்டுக்கு அடியில் நுழைந்து தோள் கொடுத்த பிறகுதான் பழையவர் தோளை விடுவிப்பார். சுவாமி தரையில் இறங்குவதில்லை. பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு மாறியது தெரியாமலே மாறிவிடும். தோள் மாற்றுவது என்று அதைச் சொல்வோம். எங்கள் தாத்தா ஊரில் பல்லக்குச் சுமந்தவர். தோள் மாற்றும் நேரத்தில்தான் கவனம் அதிகம் வேண்டும் என்பார்.

ஆகவே என் முன்மொழிவு: தோள்மாற்று. முழுத்தொடராக, ‘தூண்சாலைத் தோள்மாற்று’. அதைத் திட்டமிட்டு நடத்துவது ‘தோள்மாற்று மேலாண்மை’.

எதிர்ப்புகளை நானே யோசித்துப் பார்த்தேன். நெடுஞ்சாலைத் துறையில் சாலையின் ஓரப்பகுதியையும் ‘தோள்’ என்று எழுதுபவர்கள் உண்டு. இது உண்மையான இடர், ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அதற்குச் ‘சாலையோரம்’ என்ற தெளிவான சொல் வழக்கில் இருக்கிறது. மருத்துவத்தில் தோள்மூட்டு மாற்று அறுவை உண்டு. அங்கே ‘மூட்டு’ வருவதால் குழப்பம் குறைவு. ‘தாங்கிமாற்று’ என்று வைக்கலாமே என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் பாலத்தின் தூணுக்கும் தளத்துக்கும் இடையில் வைக்கும் அமைப்புக்கே தாங்கி என்று பெயர். அதைக் கழற்றி மாற்றுவது தனியான பராமரிப்பு வேலை. இரண்டும் கலந்தால் ஒப்பந்தப்புள்ளியில் பெரிய விபரீதம் நேரும். ‘சுமைமாற்றம்’ கட்டமைப்புப் பொறியியலில் ஏற்கெனவே வேறு பொருளுக்கு உரியது. ‘கைமாற்று’ பற்றிச் சொல்லவே வேண்டாம், அது கடன்.

> “கவிதைபோல் இருக்கிறது, பொறியாளர் அறிக்கையில் எழுதுவாரா?”

எழுதுவார், சொல் வேலை செய்தால். செய்கிறதா என்று பார்ப்போம். பழையது இயங்கிக்கொண்டிருக்க, புதியது கட்டப்படும் ஆண்டுகள் ‘தோள்மாற்றுக் காலம்’. இடையில் வண்டிகளை ஏற்கும் தற்காலிகச் சுற்றுவழி ‘தோள்மாற்று வழி’. பழையது, புதியது இரண்டுமே மூடியிருக்கும் நாள்கள் ‘தோளில்லா இடைவெளி’. சியாட்டிலுக்கு அதுவும் வாய்த்தது: 2019 ஜனவரி 11 அன்று தூண்சாலையை மூடினார்கள், பிப்ரவரி 4 அன்று சுரங்கம் திறந்தது. இரண்டு முனைகளையும் புதுச் சாலையோடு இணைக்க அந்த மூன்று வாரங்கள் தேவைப்பட்டன. நகரம் முழுவதும் பஸ்ஸுக்கும் படகுக்கும் மாறியது, பலர் வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள். ‘மாற்றீடு’ என்ற சொல்லிலிருந்து இப்படி ஒரு குடும்பமே கிளைக்காது.

பல்லக்கை ஒருவர் மட்டும் சுமப்பதில்லை என்பதும் எனக்கு உதவுகிறது. பழைய சாலையில் ஆறு தடங்கள், சுரங்கத்தில் நான்கு. பழையதில் நகர மையத்துக்கு ஏறவும் இறங்கவும் வழி இருந்தது, சுரங்கத்தில் இல்லை. ஆகவே பாரம் சுரங்கத்துக்கு மட்டும் போகவில்லை, கரையோரத் தரைச்சாலையும் பஸ்களும் ஆளுக்கொரு தோள் கொடுத்தன. பாஸ்டன் 2003இல் திறந்த சுரங்கத்துக்காகச் செய்ததும் தோள்மாற்றுதான்: மேலே ஓடும் தூண்சாலைக்கு முட்டுக் கொடுத்து நிறுத்திக்கொண்டே கீழே சுரங்கம் அமைத்தார்கள். ஆனால் சான்பிரான்சிஸ்கோ 1991இல் எம்பார்கடேரோ தூண்சாலையை இடித்து அகலமான கரையோர வீதி மட்டும் அமைத்ததற்கு இந்தச் சொல் பொருந்தாது. அங்கே புதிய விரைவுச்சாலை எதுவும் தோள் கொடுக்க வரவில்லை. அதற்கு ‘இறக்கிவைப்பு’ என்று தனிச் சொல் வைக்கலாம்.

2019 பிப்ரவரி 2 அன்று, இடிப்பதற்கு முன், மக்களை அந்தச் சாலைமேல் நடக்க விட்டார்கள். நானும் மகளும் மேல்தளத்தில் நடந்தோம். மேற்கே நீரும் அதற்கப்பால் பனிமலைகளும், காருக்குள்ளிருந்து அவசரமாகப் பார்த்த அதே காட்சி. ஏழை பணக்காரர் பேதமில்லாமல் எல்லோருக்கும் கிடைத்த காட்சி அது என்று பலர் வருந்திப் பேசினார்கள். அந்த வருத்தம் நியாயமானது. பிறகு இடித்த கான்கிரீட்டைக் கொண்டே பேட்டரி ஸ்ட்ரீட் என்ற பழைய சுரங்கத்தை நிரப்பினார்கள்.

அகராதிப் பதிவுக்கு என் வரைவு:

தோள்மாற்று (பெயர்ச்சொல்): மூப்படைந்த கட்டுமானம் ஒன்று தன் பணியை நிறுத்தாமல் செய்துகொண்டிருக்கும்போதே, அதே வடிவிலோ வேறு வடிவிலோ அமைந்த ஒன்றோ பலவோ அப்பணியை ஏற்றுக்கொள்ளும்படி படிப்படியாக நடத்தப்படும் மாற்றம். வினை: தோள்மாற்றுதல்.

பாலப் பொறியாளராக இருக்கும் ஐயா ஒருவர் நம் குழுவில் உண்டு. குடிநீர்க் குழாய்க்கும் மின்தடத்துக்கும் இதே சொல்லை நீட்டலாமா, அல்லது சாலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று அவர் சொன்னால் வரைவில் ‘கட்டுமானம்’ என்ற சொல்லை அதற்கேற்பத் திருத்திவிடுகிறேன்.