மனுவில் எந்தச் சொல்: வற்புறுத்தினாரா, நிர்ப்பந்தித்தாரா?

கேள்வி (மனு எழுதுபவர்):
தாலுகா அலுவலகத்துக்கு எதிரே புளியமரத்தடியில் மேசை போட்டுப் பதினாறு ஆண்டுகளாக மனு எழுதுகிறேன். ஒரு சொல் கிடைக்காமல் இரண்டு நாளாகத் தவிக்கிறேன். எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா, வீட்டை மகன் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். "பலவந்தமாக வாங்கினானா?" என்று கேட்டேன். "அடிக்கவில்லை ஐயா. நான்கு நாள் என்னோடு யாரும் பேசவில்லை. மருமகள் சோற்றுத் தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். ஐந்தாம் நாள் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தி, ‘ஏறம்மா’ என்றான். ஏறினேன்" என்றார். பத்திரத்திலோ வழக்கம்போல ‘எவருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இன்றி, முழு மனதுடன்’ என்று இருக்கிறது. அதன் கீழே அவருடைய கைநாட்டு. எந்தச் சொல்லைப் போட்டால் அந்த நான்கு நாளும் மனுவுக்குள் வரும்?

பதில் (தமிழாசிரியை):
ஐயா, ‘வற்புறுத்தி’ வேண்டாம். அது வாயால் செய்வது. விருந்தாளியை இன்னொரு தோசை சாப்பிடச் சொல்வதும் வற்புறுத்தல்தான். சங்கப் பாடல்களின் கூற்றுக் குறிப்புகளில் ‘தோழி வற்புறுத்தியது’ என்று வரும். அங்கே அது, பிரிவில் வாடும் தலைவிக்கு மன உறுதி ஊட்டுவது. எவ்வளவு அன்பான சொல்! பலவந்தம் என்றால் கையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். கட்டாயம் சட்டத்தாலும் வரும். கட்டாயக் கல்வி என்கிறோம் அல்லவா? நிர்ப்பந்தம்தான் பொருந்துகிறது: வேறு வழியெல்லாம் அடைத்துவிட்டு ஒரே வழியைத் திறந்து வைப்பது. ‘வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு’ என்கிறது குறள். அதிகாரம் உள்ளவன் கெஞ்சிக் கேட்டாலும் அது வழிப்பறிதான். அந்த ‘ஏறம்மா’வும் அப்படித்தான்.

பதில் (ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்):
சொல்லைவிட நடந்ததை எழுதுங்கள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, குற்றச் செயலால் அல்லது அதைச் செய்வதாக மிரட்டிச் சம்மதம் வாங்குவதைச் சொல்கிறது. 16ஆம் பிரிவு, ஒருவர் மனத்தை ஆட்டிவைக்கும் இடத்தில் இருந்துகொண்டு முறையற்ற ஆதாயம் அடைவதை. இது இரண்டாவது வகை. பத்திரத்தில் பராமரிப்பு நிபந்தனை இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்து, மகன் கவனிக்கவில்லை என்றால், 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவு அந்தப் பத்திரத்தையே நிர்ப்பந்தத்தாலோ மோசடியாலோ பெற்றதாகக் கருதும். ரத்து செய்யக் கேட்கலாம்.

கேள்வி கேட்டவர்:
பார்த்தேன் ஐயா. மூன்றாம் பக்கத்தில் ‘கடைசிவரை வைத்துக் காப்பாற்ற வேண்டியது’ என்று ஒரு வரி இருக்கிறது. ‘நான்கு நாள் பேச்சை நிறுத்தி, உணவை வாசற்படியில் வைத்து, நிர்ப்பந்தித்துக் கைநாட்டு வாங்கினார்’ என்று எழுதி வாசித்துக் காட்டினேன். வாசற்படி வந்ததும் அந்த அம்மா, "ஆமாம் ஐயா, அங்கேதான்" என்றார். திங்கள்கிழமை கோட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுக்கிறோம்.