20 லெவலுக்கும் இப்பவே திட்டம் போடணுமா, கதை போற போக்குல விடலாமா?

பொருநை_டைஸ்:
அண்ணாச்சிமாரே, டி அன்ட் டி (டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ், பாத்திரமா நடிச்சுப் பகடை உருட்டுத ஆட்டம்) 5ஆம் பதிப்பு, 2014 விதி, பாயின்ட் பை (27 புள்ளியைச் செலவழிச்சு ஸ்கோர் வாங்குத முறை). பாளையங்கோட்டையில ஆடுதோம், கதை காரையாறு காட்டுல நடக்கு. என் ஃபைட்டர் (சண்டைக்கார வகுப்பு) இப்ப 3ஆம் லெவல். 20 வரைக்கும் ஷீட்ல எழுதியாச்சு. ஆனா சொரிமுத்து அய்யனார் கோயில் முன்னால, இந்தக் காட்டுல ஒரு மரம் விழ விடமாட்டேன்னு அவன் சத்தியம் பண்ணிட்டான். பாலடின் (சத்தியம் காக்குத மந்திர வீரன் வகுப்பு) ஆக்கலாமா? மனுச இனம், ஸ்ட்ரெங்த் (பலம்) 16, கான் (உடல் உறுதி) 15, விஸ்டம் (விவேகம்) 14, டெக்ஸ் (சுறுசுறுப்பு) 13, இன்ட் (அறிவு) 11, கரிஸ்மா (வசீகரம்) 9.

பேட்டை_டிஎம்:
திட்டத்தைக் கிழிச்சுப் போடும்வே, சத்தியம்தான் பெருசு. ஆனா வேற வகுப்புல இருந்து பாலடினுக்கு மாற ஸ்ட்ரெங்த் 13, கரிஸ்மா 13 ரெண்டும் வேணும். உமக்கு 4 புள்ளி குறையுது. ஃபைட்டர் 4லயும் 6லயும் வர்ற ரெண்டு ரெண்டு புள்ளியையும் கரிஸ்மாவுல கொட்டினா, 7ஆம் லெவல்லதான் பாலடின் 1. அதுவரைக்கும் ஸ்ட்ரெங்த் 16லயே நிக்கும்.

கிளெரிக்னா (பூசாரி வகுப்பு) விஸ்டம் 13 போதும், இருக்கு. அதுல நேச்சர் டொமைன் (இயற்கைப் பிரிவு) அந்தச் சத்தியத்துக்கு அப்படியே பொருந்தும். ஆனா 4லயே தாவாதீரும். எக்ஸ்ட்ரா அட்டாக் (ஒரு தடவைக்கு ரெண்டு வெட்டு) ஃபைட்டர் 5ல வருது; ஒரு லெவல் கிளெரிக் எடுத்தா அது மொத்த லெவல் 6க்குத் தள்ளிப்போகும். பக்கத்துல விசார்ட் ஃபயர்பால் போடுதப்ப நீர் ஒரு வெட்டோட நிப்பீரு. 5 முடிச்சுட்டு மாறும். அதுவரை சத்தியத்தைக் காக்குத இடத்துல டிஎம் (ஆட்டத்தை நடத்துதவர்) இன்ஸ்பிரேஷன் (உருட்டலுக்கு உதவுத பரிசு) குடுக்கட்டும்.

குறுக்குத்துறை:
தப்பு முத நாள் ஷீட்லயே இருக்கு. 27 புள்ளியை இப்படிப் போட்டுப் பாருங்க: ஸ்ட்ரெங்த் 15, கான் 13, விஸ்டம் 13, கரிஸ்மா 13, டெக்ஸ் 11, இன்ட் 8. செலவு 9+5+5+5+3+0, சரியா 27. மனுச இனத்துக்கு எல்லாத்துலயும் 1 கூட்டினா 16, 14, 14, 14, 12, 9. கான், டெக்ஸ் ஒவ்வொண்ணு குறைஞ்சாலும் மாடிஃபையர் (உருட்டலோட கூட்டுத எண்) மாறல. இன்ட் மட்டும் 0ல இருந்து −1. கரிஸ்மா −1ல இருந்து +2! பாலடின், கிளெரிக், பார்ட், வார்லாக், ட்ரூயிட் எல்லாக் கதவும் திறந்து கெடக்கும். திட்டம்னா இவ்வளவுதான் போடணும். எந்தக் கதவுல நுழையணும்னு கதை சொல்லட்டும். 3ஆம் லெவல்தானே, ஸ்கோரை மாத்தி எழுத டிஎம்கிட்ட கேளுங்க.

தென்காசி_சாரல்:
முழுசா தானா வளரணும்னா கால் ஆஃப் கதுலுங்கிற வேற ஆட்டம், 7ஆம் பதிப்பு பாருங்க. ஜெயிச்ச ஸ்கில்லுக்கு ஒரு டிக். பிறகு டி100 (1 முதல் 100 வரை வர்ற பகடை) உருட்டி, இருக்கிற மதிப்பைத் தாண்டினா டி10 (1 முதல் 10 வரை) கூடும். 40ல இருக்கது சுளுவா ஏறும், 80ல இருக்கது லேசுல அசையாது. ஒரு தொல்லை: டிக்குக்காக ஆட்கள் தேவையில்லாம உருட்டுவாங்க. டிஎம் கேட்ட உருட்டலுக்கு மட்டும்தான் டிக்னு முதல்லயே சொல்லிருங்க.

பொருநை_டைஸ்:
டிஎம் ஸ்கோர் மாத்தச் சம்மதிச்சுட்டாரு. அப்ப பாலடின் எப்ப எடுக்க?

பேட்டை_டிஎம்:
ஃபைட்டர் 5 முடிச்சு, 6ல. ஓத் ஆஃப் தி ஏன்ஷியன்ட்ஸ் (இயற்கையைக் காக்குத பாலடின் சத்தியம்) பாலடின் 3லதான் வரும், மொத்தம் 8ஆம் லெவல். பாலடினை 5 வரைக்கும் கொண்டுபோனாலும் எக்ஸ்ட்ரா அட்டாக் இன்னொண்ணு சேராது, அதையும் கணக்குல வையும்.