மறு: காத் மெல்லுதலும் மனநலமும் – சொல் தேவை

வணக்கம் அம்மா,

காத் என்ற செடியின் இலையை ஊக்கத்துக்காக மெல்லும் பழக்கத்தையும் மனநலத்தையும் பற்றிய கட்டுரைக்கு நீங்கள் செய்த மொழிபெயர்ப்பைப் படித்தேன். சில சொற்களில் தயக்கம் இருக்கிறது.

> காத் மெல்லுதல்

ஏமனில் இதைத் 'தக்சீன்' என்கிறார்கள். சேமித்து வைப்பது என்று பொருள். மதியச் சாப்பாடு முடிந்ததும் கூடி உட்கார்ந்து, இளந்தளிராகப் பார்த்துக் கிள்ளி வாயில் போட்டு, மென்றதை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே போகிறார்கள். சாறு மட்டும் உள்ளே இறங்கும். பொழுது சாய்வதற்குள் கன்னம் பந்துபோல் புடைத்துவிடும். புகையிலையை அதக்கிக்கொண்டார் என்கிறோமே, அதேதான் இது! 'காத் அதக்கல்' என்று வையுங்கள். மணிக்கணக்கில் நீளும் பழக்கம் என்பது அந்தச் சொல்லிலேயே வந்துவிடுகிறது. எவ்வளவு இலை, எவ்வளவு நேரம் என்பதில்தான் மனநலக் கேள்வியே தொடங்குகிறது.

செடியின் பெயரை 'கத்' என்று குறுக்க வேண்டாம். வெற்றிலையோடு போடும் காசுக்கட்டி வடக்கே 'கத்தா', குழம்பிவிடும். 'காத்' இருக்கட்டும். கென்யாவில் 'மிரா' என்பதை முதல் முறை வரும்போது சேர்த்துவிடலாம்.

'போதை இலை' என்றும் ஓரிடத்தில் வருகிறது. போதை என்றதும் நமக்குத் தள்ளாட்டம்தான் நினைவுக்கு வரும். பச்சை இலையில் இருக்கும் காத்தினோன் என்ற வேதிப்பொருள் ஆம்பெட்டமைன் என்ற ஊக்க மருந்துக்கு உறவு; தூக்கத்தை விரட்டும், பசியை அடக்கும், பேச வைக்கும். பறித்த ஓரிரு நாளில் அது வீரியம் குறைந்த காத்தீனாக மாறிவிடும். அதனால்தான் வாழையிலையில் சுற்றி அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுபோகிறார்கள். 'ஊக்கி இலை' போதும்.

> காத் தூண்டிய மனப்பிறழ்வு

இதுதான் மிகவும் உறுத்துகிறது. சோமாலியாவின் முன்னாள் போராளிகளிடையே நடந்த ஆய்வுகளில், போரின் கொடுமை மனத்தில் தங்கிவிட்டவர்கள் இலையை அதிகம் நாடுவது தெரிகிறது. மறப்பதற்காக அதக்குகிறார்கள். அதக்கியதால் தூக்கம் போகிறது. தூக்கம் போனதும் பயமும் சந்தேகமும் கூடுகின்றன. மறுநாள் இன்னும் கொஞ்சம் இலை. 'தூண்டிய' என்று எழுதிவிட்டால் போர் மறைந்து செடி மட்டும் நிற்கும். பிரிட்டனில் அரசின் ஆலோசனைக் குழுவே 2013-இல் தடைக்குப் போதிய சான்று இல்லை என்றது. ஆனாலும் 2014 ஜூனில் தடை வந்தது. சான்று தராத முடிவை நம் சொல் தந்துவிடக் கூடாது.

'மழையை ஒட்டி வந்த காய்ச்சல்' என்கிறோம். இரண்டும் சேர்ந்து வந்ததைச் சொல்கிறோம், அவ்வளவே. 'காத் அதக்கலை ஒட்டிய மனப்பிறழ்வு' என்றால் என்ன?

---

வணக்கம் ஐயா,

'அதக்கல்' எடுத்துக்கொண்டேன். எங்கள் அம்மாச்சி வெற்றிலையை அப்படித்தான் அதக்கிக்கொண்டு கதை சொல்வார். எனக்கு ஏன் தோன்றாமல் போனது என்று தெரியவில்லை.

ஆனால் 'ஒட்டிய' எல்லா இடத்துக்கும் ஆகாது. இரவு பகலாக அதக்கி, இல்லாத குரல்கள் கேட்கத் தொடங்கி, இலையை நிறுத்திய சில நாளில் அல்லது சில வாரத்தில் தெளிந்தவர்களைப் பற்றி மருத்துவக் குறிப்புகள் இருக்கின்றன. அங்கே 'ஒட்டிய' என்று எழுதினால், நிறுத்து என்று அவருக்குச் சொல்ல வேண்டியதை நாமே மழுப்பியதாகிவிடும். தனி நோயாளியைப் பற்றிய இடத்தில் 'தூண்டிய' இருக்கட்டும் ஐயா. ஊரையும் மக்களையும் பற்றிப் பேசும் இடத்தில் 'ஒட்டிய' வரட்டும்.

---

சரி அம்மா, ஏற்கிறேன். இந்தப் பிரிவைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், அதக்கி முடித்த பிறகு வரும் வெறுமைக்கு 'மனச்சோர்வு' என்று போட்டிருக்கிறீர்கள். அது நோயின் பெயராக நிலைத்துவிட்டது. இதுவோ ஊக்கம் இறங்கும்போது வந்து போவது. 'இறங்குவாட்டம்' என்று எழுதிப் பார்த்தேன். முகவாட்டம் என்பதைப் போல வாயில் எளிதாக வருகிறது. மற்றவர்களும் சொல்லிப் பாருங்கள்.