குழந்தைக்குத் திட்டமிடுகிறோம்: வலிப்பு மாத்திரையா, அத்தை தரும் சூரணமா?

குமரிப்பெண் கேட்டது:

எனக்கு 27 வயது, ஊர் நாகர்கோவில். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது வலிப்பு வந்தது. சோடியம் வால்புரோயேட் 500 மி.கி. மாத்திரை, காலையும் இரவும். மூன்று வருடமாக வலிப்பு இல்லை. திருமணமாகி எட்டு மாதம் ஆகிறது. “இங்கிலீஷ் மாத்திரை குழந்தையின் மூளையைக் கெடுத்துவிடும், நிறுத்து” என்று அத்தை சொல்கிறார். நாட்டு வைத்தியர் ஒருவரிடம் சூரணம் வாங்கி வந்திருக்கிறார். வல்லாரை, நீர்ப்பிரமி, வசம்பு சேர்ந்தது என்கிறார்கள். பொட்டலத்தில் ஓர் எழுத்துக்கூட இல்லை. அத்தை என்மேல் உயிரையே வைத்திருப்பவர். நேற்றிரவு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு விழுங்கிவிட்டேன். யாராவது சொல்லுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

கவலைப்படாதீர்கள் தங்கை. நாள் தள்ளிப்போனதும் மாத்திரையை நிறுத்திக்கொள்ளலாம். வல்லாரை நல்லதுதானே.

இரண்டு பிள்ளைகளின் தாய் எழுதியது:

தங்கை, தயவுசெய்து மேலே உள்ள யோசனையைக் கேட்காதீர்கள். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக் குழாய் கருத்தரித்து 28 நாளுக்குள் மூடிவிடும். வால்புரோயேட் அதைக் கெடுக்கலாம். நாள் தள்ளிப்போனதைக் கவனித்துப் பரிசோதனை செய்வதற்குள் அந்தக் காலம் ஏறக்குறைய முடிந்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் தொடர்வலிப்பு வந்து உங்கள் உயிருக்கே ஆபத்தாகலாம்.

உங்கள் அத்தை பாதி சரியாகத்தான் சொல்கிறார். என் மூத்தவன் வயிற்றில் இருந்தபோது நானும் வால்புரோயேட்தான் சாப்பிட்டேன். யாரும் எச்சரிக்கவில்லை. அவன் மூன்றரை வயதில்தான் இரண்டு சொல் சேர்த்துப் பேசினான். இன்றைக்கும் கணக்குப் பாடத்தின் முன்னால் அவன் தவிப்பதைப் பார்த்தால் என் வயிறு எரிகிறது. மருந்துதான் காரணமா என்று அவன் ஒருவனை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தாய்மாரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2013-இல் வெளியானது. ஆறு வயதில் சராசரி ஐக்யூ, வால்புரோயேட் எடுத்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு 97, லமோட்ரிஜின் என்ற வேறொரு வலிப்பு மாத்திரை எடுத்தவர்களின் பிள்ளைகளுக்கு 108. வால்புரோயேட்டின் அளவு கூடக்கூடப் பாதிப்பும் கூடியது. கருத்தரிக்கும் காலத்தில் ஃபோலிக் ஆசிட் எடுத்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஐக்யூ சற்று அதிகமாகவே இருந்தது.

ஆகவே மாத்திரையை நிறுத்தாதீர்கள். மாற்ற முடியுமா என்று கேளுங்கள், கருத்தரிப்பதற்கு முன்பே. இளையவளுக்கு முன்னால் என்னை லமோட்ரிஜினுக்கு மாற்றினார்கள். வால்புரோயேட்டோடு சேரும்போது அதை மிக மெல்லத்தான் ஏற்ற வேண்டும், வேகமாக ஏற்றினால் தோலில் கடுமையான தடிப்பு வரலாம். எனக்குப் பல வாரம் பிடித்தது. கர்ப்பத்தில் அந்த மருந்து இரத்தத்தில் குறையும் என்பதால் அடிக்கடி அளவைப் பார்த்துக் கூட்டினார்கள். எல்லாருக்கும் மாற்ற முடியாது, சிலருக்கு வால்புரோயேட் மட்டுமே வலிப்பை அடக்கும். அதை நரம்பியல் மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். உங்களுக்குப் பக்கத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனத்தில் வலிப்புள்ள கர்ப்பிணிகளுக்கென்றே 1998 முதல் பதிவேடு வைத்துக் கவனிக்கிறார்கள்.

அந்தச் சூரணம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. பிள்ளை வளர்ப்பான் என்று வசம்பை நாமே கொண்டாடுகிறோம், ஆனால் அதிலுள்ள ஆசரோன் என்ற கேடான பொருளுக்காக 1968-லேயே அமெரிக்காவில் உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்தார்கள். வலிப்புக்கென்று விற்ற நாட்டு மருந்துகளில் ஃபீனோபார்பிடோன் என்ற இங்கிலீஷ் வலிப்பு மருந்து கலந்திருந்தது நம் நாட்டிலேயே பிடிபட்டிருக்கிறது, அதுவும் வயிற்றுப் பிள்ளையின் அறிவைப் பாதிக்கக்கூடிய மருந்து. இணையத்தில் விற்ற ஆயுர்வேத மருந்துகளை 2008-இல் சோதித்தபோது ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. ஈயம் தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும். பெயரில்லாத பொட்டலத்தை நம்பி ஒரு சிட்டிகைகூட வாயில் போடாதீர்கள்.

குமரிப்பெண் எழுதியது:

அக்கா, இதை அப்படியே அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். மூத்தவனைப் பற்றிய இடத்தில் அழுதுவிட்டார். வியாழக்கிழமை மருத்துவரிடம் நேரம் கேட்டு வாங்கியிருக்கிறோம். அதுவரை கரு தங்காதபடி பார்த்துக்கொள்கிறோம். அத்தையும் வருகிறார், அந்தப் பொட்டலமும் கூடவே வருகிறது.