முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று: சாயும் மூன்று சக்கர பைக் ஓட்டியவர்கள் வாருங்கள்

வளைவுப்பிரியன்

ஐந்து வருஷத்துக்கு முன்னால் மழையில், ஒரு வளைவில் முன்சக்கரம் வழுக்கி விழுந்து காறை எலும்பை உடைத்துக்கொண்டவன் நான். பின்சக்கரம் வழுக்கினால் ஏதாவது செய்து பார்க்கலாம். முன்சக்கரம் போனால், ‘போச்சு’ என்று நினைத்து முடிப்பதற்குள் தரையில் கிடப்போம். எலும்பு கூடிவிட்டது, பயம் மட்டும் கூடவே தங்கிவிட்டது. அதனால்தான் யமஹா நைக்கனை மூன்று நாள் வாடகைக்கு எடுத்தேன்.

பார்க்காதவர்களுக்காக: 2018-ல் வந்த வண்டி. முன்னால் 15 அங்குலச் சக்கரம் இரண்டு, பின்னால் ஒன்று, 847 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின். வளைவில் முன்சக்கரம் இரண்டும் நம்மோடு சேர்ந்து 45 டிகிரி வரை சாயும். எதிரே நின்று பார்த்தால் நண்டு ஒன்று ஓடி வருவது போல இருக்கும்.

முதல் அரை மணி நேரம் எனக்கு ஏமாற்றம்தான். ஏதோ புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும் என்று நினைத்துப் போனேன், அப்படி ஒன்றும் இல்லை. எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கத்து ஹேண்டிலைத் தள்ளினால் சாய்கிறது, வளைகிறது. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினால் (ஓட்டாதீர்கள்) இரண்டு சக்கரம் என்றே நினைப்போம். கொஞ்சம் சோம்பேறி, அவ்வளவுதான். இதே எஞ்சின் உள்ள யமஹாவின் இரண்டு சக்கர பைக் எம்டி-09 அப்போது 193 கிலோ, இது 263 கிலோ. எழுபது கிலோ ஆசாமி ஒருவரை முன்னால் ஏற்றிக்கொண்டு திரும்புவது போல.

இரண்டாம் நாள் மழை. இறக்கத்தில் ஒரு வளைவு, ஓரமெல்லாம் ஈர இலை. இடது முன்சக்கரம் அதில் ஏறி நழுவுவது ஹேண்டிலிலேயே தெரிந்தது. உடம்பு விறைத்துப் போனது. ஆனால் வலது சக்கரம் நல்ல தாரில் இருந்ததால் பிடித்துக்கொண்டது. வண்டி லேசாகத் தலையை ஆட்டிவிட்டு அதே கோட்டில் போய்க்கொண்டே இருந்தது. அடுத்த திருப்பத்தில் ஓரங்கட்டி ஐந்து நிமிஷம் சும்மா நின்றேன்.

மூன்றாம் நாள் எனக்குத் தலைக்கனம். ஈரச் சாலையில் சாய்ந்தபடியே ஆக்சிலரேட்டரை முறுக்கினேன், பின்பக்கம் விலகியது. பின்னால் இருப்பது அதே ஒற்றை டயர் என்பதை மறந்திருந்தேன். விழவில்லை, புண்ணியம்.

வாங்கலாமா என்று இன்னும் யோசனை. சொந்தமாக வைத்திருப்பவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

ரெண்டாம் கியர்

மூன்று சக்கரம்தானே, நின்றால் தானாக நிற்கும் இல்லையா? காலே ஊன்ற வேண்டாமா?

வளைவுப்பிரியன்

நைக்கன் நிற்காது. சைடு ஸ்டாண்ட் போடாமல் இறங்கினால் சாதாரண பைக் போலத் தொப்பென்று விழும். சாய வேண்டும் என்றுதானே அத்தனை மூட்டுகளும்! இந்தக் கேள்வியை மூன்று நாளில் ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் கேட்டார்கள்.

சாரல்

சில ஸ்கூட்டர்களில் பூட்டு உண்டு. 2006-ல் வந்த பியாஜியோ எம்பி3-இல் அந்த வசதி பிரபலமானது. வேகம் குறைந்து நிற்கப்போகும்போது ஒரு பட்டனை அழுத்தினால் சாயும் பகுதி பூட்டிக்கொள்ளும், காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கலாம். ஆக்சிலரேட்டரைத் திருகினால் பூட்டு விட்டுவிடும்.

அந்தக் கடைசி வரியில்தான் நான் மாட்டினேன். என்ன வண்டி என்று சொல்லவில்லை, தப்பு முழுக்க என்னுடையது. சிக்னலில் பூட்டுப் போட்டு இரண்டு காலையும் மேலே வைத்திருந்தேன். பக்கத்து பைக்காரர் வண்டியைப் பற்றி விசாரிக்க, அவர் பக்கம் திரும்பிப் பெருமையாகப் பதில் சொன்னேன். திரும்பும்போது வலது கை லேசாக முறுக்கிவிட்டது. ‘பீப்’ என்று சத்தம். கால் தரைக்கு வருவதற்குள் இருநூற்றுச் சொச்சம் கிலோவும் நானும் அவர் மேலேயே சாய்ந்தோம். கேள்வி கேட்டவரே தாங்கிப் பிடித்தார் என்பதுதான் கொடுமை.

இன்னொன்று, பூட்டு வண்டியை நிமிர்த்தாது. எந்தச் சாய்வில் பூட்டுகிறோமோ அந்தச் சாய்விலேயே இறுகும். சரிவான ஓரத்தில் கோணலாக நிறுத்திப் பூட்டினால் கோணலாகவே நிற்கும். பூட்டு போட்டாலும் சக்கரம் உருளும், பார்க்கிங் பிரேக்கைத் தனியாகப் போட வேண்டும். இதைக் கற்றுக்கொண்ட கதையைக் கேட்காதீர்கள்.

இத்தனைக்கும் வண்டியை விற்க மனசு வரவில்லை. தண்டவாளம், மழை நீரில் பளபளக்கும் வெள்ளைக் கோடு, சாக்கடை மூடி, இவற்றின் மேல் போகும்போது முன்பெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். இப்போது அது தானாக நின்றுவிட்டது.

நாலு வழி

ஐரோப்பாவில் இந்த வகை ஸ்கூட்டர் இவ்வளவு ஓடுவதற்குப் பாதுகாப்பு மட்டும் காரணமில்லை, உரிமமும்தான். முன்சக்கரங்களுக்கு இடையே 460 மில்லிமீட்டர் இருந்தால்தான் அது சட்டப்படி மூன்று சக்கர வண்டி. அதைவிடக் குறுகினால் இரண்டையும் ஒரே சக்கரமாகக் கணக்கிட்டு மோட்டார் சைக்கிள் என்றே சொல்லிவிடுவார்கள். பிரான்ஸ், இத்தாலி போன்ற நாடுகளில் கார் உரிமத்தை வைத்தே அகலமானதை ஓட்டலாம். பாரிஸ் தெருக்களில் கோட் சூட்டோடு அதில் போகிறவர்கள் பலர் பைக் ஆசாமிகளே இல்லை. நைக்கனின் இடைவெளி 410 மில்லிமீட்டர், அதனால் அதற்குப் பைக் உரிமம் வேண்டும். ஐந்து சென்டிமீட்டரில் எவ்வளவு நடக்கிறது பாருங்கள்!

சாயாத மூன்று சக்கரத்தோடு இதைச் சேர்த்துப் பேசாதீர்கள். கேன்-ஆம் ஸ்பைடரை ஒரு நாள் ஓட்டினேன். அது கார் மாதிரி ஹேண்டிலைத் திருப்ப வேண்டிய வண்டி. வளைவில் உடம்பு வெளிப்பக்கம் தள்ளப்படும், சாயங்காலம் தோள்பட்டை கழன்றுவிட்டது. ஆனால் அது நிற்கும்போது விழவே விழாது. கால் பலம் குறைந்தவர்களுக்கு அதுதான் சரி என்பேன்.

மெதுவாப் போறவள்

கால் பலம் குறைந்தவள் இங்கே ஒருத்தி இருக்கிறேன். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு எனக்குச் சரிப்பட்டது யமஹா டிரிசிட்டி 125 என்ற சாயும் ஸ்கூட்டர். நெடுஞ்சாலையில் எதிர்க்காற்றில் திணறும். ஆனாலும் பிரேக் பிடித்தால் முன்பக்கம் குத்துக்கல் மாதிரி நிற்கிறது. அது ஒன்றுக்காகவே மற்றதையெல்லாம் மன்னித்துவிட்டேன். பூட்டு கிடையாது, நின்றால் கால் ஊன்றத்தான் வேண்டும். இறுக்கமான இடத்தில் பின்னால் தள்ளிக்கொண்டு போவதுதான் பெரிய தொல்லை. இரண்டு முன்சக்கரமும் ஆளுக்கொரு பக்கம் மேடு பள்ளம் பார்த்துக்கொண்டு நிற்கும்.

பழைய ஸ்பானர்

இது புது யோசனை இல்லை. 1970-ல் பிரிட்டனில் பிஎஸ்ஏ நிறுவனம் ஏரியல் 3 என்று ஒரு 49 சிசி மொபெட் விட்டது. அதில் பின்னால்தான் இரண்டு சக்கரம். பின்பகுதி நேராக இருக்கும், முன்பாதி மட்டும் சாயும். படுதோல்வி. ஆனால் அதே அமைப்பின் காப்புரிமையைப் பயன்படுத்த ஹோண்டா உரிமம் வாங்கிக்கொண்டது. அந்த அமைப்போடு 1982-ல் வந்த ஹோண்டா ஜைரோ ஜப்பானில் டெலிவரி வண்டியாகவே நிலைத்துவிட்டது. சுமை பின்னால் அசையாமல் இருக்க வேண்டும் என்பவனுக்குப் பின்னால் இரண்டு. முன்சக்கரத்தின் பிடிமானம் போகக் கூடாது என்பவனுக்கு முன்னால் இரண்டு.

வாங்க நினைப்பவருக்குப் பட்டறையிலிருந்து ஒரு வார்த்தை. முன்பக்கம் எல்லாமே இரட்டைச் செலவு. டயர் இரண்டு, டிஸ்க் இரண்டு, சக்கர பேரிங் இரண்டு செட். அதற்கு மேல் சாய்வதற்கென்றே இருக்கும் கைகள், மூட்டுகள். அவற்றில் ஆட்டம் விழுந்தால் ஹேண்டில் மந்தமாகும், கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். இரண்டு டயரிலும் காற்றழுத்தம் ஒன்றாக இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பழைய வண்டி வாங்கினால் பூட்டை நாலு தடவை போட்டு எடுத்துப் பாருங்கள். எஞ்சின் சத்தத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

வளைவுப்பிரியன்

நன்றி, ஸ்பானர். செலவு பற்றி வாடகைக்குக் கொடுத்தவர் மூச்சே விடவில்லை.

குழியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. இரண்டு சக்கரத்தில் ஒரு கோடு பார்த்து நெளிந்து போய்விடுவோம். இதில் கோடு மூன்று. மூன்றாம் நாள் சாலை நடுவில் கிடந்த ஒரு கல்லை முன்சக்கரம் இரண்டுக்கும் நடுவே அழகாக விட்டுவிட்டேன். ‘தப்பித்தோம்டா’ என்று நினைத்த அதே நொடியில் பின்னாலிருந்து ‘டொம்’.